புளியந்தீவில் வானை எங்கே விடுவது?

ஹயர்காரர் பதில்கள்

(31 வருடம் ஹயர் வான் ஓடிவிட்டு, முழங்கால் வலியால் சாவியை ஆணியில் கொழுவி, இப்போது கல்லடியில் வீட்டோடு இருப்பவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அப்பாவின் ஊர் மட்டக்களப்பு. நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். வருகிற விடுமுறைக்கு அம்மா, அப்பா, 2 பிள்ளைகள் எல்லோரும் கேடிஎச் வானில் வருகிறோம். ஓட்டுவது என் கணவர். கோட்டை, அப்பா படித்த சென் மைக்கேல் பள்ளிக்கூடம், மரியாள் பேராலயம் எல்லாம் பார்க்க வேண்டும். போனமுறை முக்கால் மணித்தியாலம் சுற்றியும் வானை விட இடம் கிடைக்கவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்து, ஒன்றையும் பார்க்காமல் கல்லடிக்குத் திரும்பிவிட்டோம். எங்கே விடலாம்?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

மகள், முக்கால் மணித்தியாலம் சுற்றினோம் என்கிறீர்கள். அந்த நேரத்துக்கு அப்பாவைக் கையில் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போயிருந்தாலே பாதியைப் பார்த்திருக்கலாம். கோபித்துச் சொல்லவில்லை. எல்லோரும் செய்கிற பிழைதான் இது. எதைப் பார்க்கப் போகிறோமோ அதன் வாசலிலேயே வானை விடப் பார்ப்போம். நீங்கள் சொன்ன இடமெல்லாம் இருப்பது மட்டக்களப்பு நகரின் நடுவில், புளியந்தீவில். அங்கே அது சரிவராது.

பேரிலேயே இருக்கிறது, அது தீவு. பாலத்தால் உள்ளே வந்து பாலத்தாலேயே வெளியே போகவேண்டும். வந்த வாகனமெல்லாம் உள்ளுக்குள்ளேதான் கிறுகித் திரும்ப வேண்டும். 1628 இல் போர்த்துக்கீசர் கோட்டையைக் கட்டினார்கள், 10 வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டைக்கு இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. ஆட்களை எப்படி வரவிடாமல் செய்வது என்றுதான் அவர்கள் யோசித்தார்களே தவிர, வருகிறவன் கேடிஎச்சை எங்கே விடுவான் என்று யோசிக்கவில்லை. 1814 இல் வந்த மெதடிஸ்ட் மிஷன் ஓல்ட் பாதிரியாரும் காலியிலிருந்து கடல் வழியாகத்தான் வந்தார். காந்தி பூங்காவில் வாவியைப் பார்த்தபடி நிற்கிறதே மட்டக்களப்பு வாயில், அதுதான் அந்தக் காலத்துத் தரிப்பிடம். தோணியைக் கட்டிவிட்டு நடந்து போகவேண்டியதுதான். இன்றைக்கும் அந்த ஒழுங்குதான் நல்லது என்பது என் எண்ணம்.

சரி, என்ன செய்யலாம்?

நீங்கள் தங்குவது கல்லடியிலென்றால் வானைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிட்டு 2 ஓட்டோ பிடித்து வாருங்கள். 'சொந்த வாகனம் இருக்க ஓட்டோவா?' என்று உங்கள் கணவர் கேட்பார். ஓட்டுகிற எல்லா ஆண்களும் கேட்கிற கேள்வி அது. அவருக்குச் சொல்லுங்கள், வானோடு வந்தால் அவர் கோட்டையைப் பார்க்கப்போவதில்லை, முன்னால் போகிற வாகனத்தின் பின்பக்கத்தைத்தான் பார்க்கப்போகிறார்.

வானில்தான் வருவோமென்றால், காந்தி பூங்காப் பக்கம் எல்லோரையும் இறக்கிவிட்டு அவர் மட்டும் திரும்பிப் பாலத்தைக் கடந்து கோட்டைமுனைப் பக்கம் போகட்டும். ஹயர்காரர் எல்லோரும் செய்வது இதுதான். இறக்கு, போ, கூப்பிட்டால் வா. நாங்கள் வானை விட இடம் தேடுவதே இல்லை, படுக்க நிழல்தான் தேடுவோம். ஆனால் உங்கள் கணவரும் குடும்பத்தோடு சேர்ந்து பார்க்க வேண்டுமே. அதற்கு ஒரு வழி, சாப்பாட்டுக் கடையை முதலில் தீர்மானிப்பது. வளவு உள்ள சாப்பாட்டுக் கடையாகப் பாருங்கள். காலையிலேயே உள்ளே விட்டு, காசு மேசையில் இருப்பவரிடம் போய், "அண்ணன், மத்தியானச் சாப்பாடு 6 பேருக்கு இங்கேதான். அதுவரைக்கும் வான் நிற்கட்டுமா?" என்று கேளுங்கள். எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், இல்லையென்று சொன்னவர் 2 பேர்தான். ஒருவரிடம் உண்மையாகவே இடமில்லை. மற்றவர் அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். கேட்காமல் விட்டுவிட்டுப் போனால் மட்டும் கட்டாயம் ஏச்சு விழும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அப்பா சென் மைக்கேலில் படித்தவர். கூடப் படித்த ஒருவராவது இங்கே வளவும் கேற்றுமாக இருப்பார். அவர் வீட்டில் விடுங்கள். தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள், குடித்தால் பழைய கதை தொடங்கும். ஒரு மணித்தியாலம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு அதுதான் கோட்டையை விடப் பிடிக்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி நாளென்றால் காலை 7 மணியிலிருந்து 7.45 வரைக்கும், பிறகு பகல் 1.15 இலிருந்து 2 மணி தாண்டும் வரைக்கும் உள்ளே வராதீர்கள். சென் மைக்கேல், மெதடிஸ்ட் மத்திய கல்லூரி என்று எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். ஸ்கூல் வான், ஓட்டோ, ஸ்கூட்டரில் வந்து நிற்கிற தாய்மார் எல்லாம் ஒரே நேரத்தில். விடுமுறையென்றால் அது இல்லை, ஆனால் ரியூசன் இருக்கும், அதற்கு விடுமுறை கிடையாது. ஞாயிறு காலை பூசை நேரத்தில் பேராலயத்தைச் சுற்றி இடமில்லை. பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு வந்தால் கடையும் பாதி பூட்டு, வீதியும் அமைதி. எனக்குக் கேட்டால் ஞாயிறு 10 மணிதான் புளியந்தீவு பார்க்க நல்ல நேரம்.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இடம் தேடி ஒழுங்கைக்குள் இறங்காதீர்கள். உங்கள் கேடிஎச் கிட்டத்தட்ட 4.7 மீற்றர் நீளம். எங்கள் ஒழுங்கை மாட்டு வண்டிலுக்குப் போட்டது. நான் ஊர்க்காரன், அப்படியிருந்தும் மாட்டுப்பட்டேன். கலியாண ஹயர். பொம்பிளை வீட்டுக்காரர் 11 பேர், பட்டும் பூவுமாக. பெரிய வீதியில் இடமில்லையென்று ஒழுங்கையொன்றுக்குள் விட்டுக் கிறுகப் பார்த்தேன். பின்னால் ஒரு பொடியன் "வரலாம், வரலாம்" என்று கை காட்டினான். பின்சில்லு வடிகான் மூடியில் ஏறியது. ஒரு சத்தம், பிஸ்கட் உடைந்த மாதிரி. மூடி இரண்டாகி, சில்லு அச்சு வரைக்கும் கானுக்குள் இறங்கிவிட்டது. கை காட்டின பொடியனைக் காணவில்லை. வான் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க, பொம்பிளையின் மாமி உள்ளேயிருந்து ஜன்னலால் தாம்பாளத்தை வெளியே நீட்டுகிறா, "முதலில் இதைப் பிடியுங்கோ" என்று. நாங்கள் விழுந்தாலும் அந்தத் தாம்பாளம் விழக்கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு 8 பேர் தூக்கினார்கள். சில்லு மேலே வந்தபோது எல்லோருடைய வேட்டியிலும் கான் தண்ணி. படத்தில் இடுப்புக்கு மேலேதான் எடுத்தார்கள். கான் மூடிக்குரிய காசை அந்த வீட்டுக்காரருக்கு நான்தான் கொடுத்தேன்.

கேள்வி: நிறுத்தி வைத்த வாகனங்களின் முன்கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். அது தேவைதானா? நம்பரை எல்லோரும் பார்ப்பது ஆபத்து என்கிறா என் மனைவி.
(ஒரு வாசகர், கல்முனை)

தம்பி, இந்தப் பழக்கம் 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு வந்தது. எங்கள் சீயோன் தேவாலயத்திலும் அன்றைக்குத்தானே குண்டு வெடித்தது. பிறகு கொஞ்சக் காலம் ஆளில்லாமல் நிற்கிற வாகனத்தைக் கண்டாலே சனத்துக்கு நெஞ்சு பதறும். வாகனத்தை விட்டுப் போகிறவர்கள் நம்பரை எழுதி வைக்கும்படி பொலிசாரும் கேட்டார்கள். நானும் அப்போதுதான் தொடங்கினேன். நான் பேராலயத்துக்குக் கிட்டே வானை விட்டுவிட்டு மருந்து வாங்கப் போய் 10 நிமிடத்தில் திரும்பி வந்தால் 3 பேர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கே நம்பர் எழுதினேன்.

பயம் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. நல்ல பழக்கம்தான். ஒருவரின் கேற்றை மறித்து விட்டிருந்தால் அவர் போன் எடுத்துக் கூப்பிடுவார். நம்பர் இல்லாவிட்டால் சில்லுக் காற்றைத் திறந்துவிடுவார். மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேர் எழுதாதீர்கள், நம்பர் மட்டும் போதும். பழைய கலண்டர் மட்டையில் பெரிதாக எழுதி, விட்டுப் போகும்போது டாஷ்போர்ட்டில் வையுங்கள். ஓடும்போது எடுத்துவிடுங்கள். உங்கள் மனைவி ஓட்டிப் போகிற நாளில் உங்கள் நம்பரையே வைக்கட்டும்.

கேள்வி: பாமசி முன்னால் 2 நிமிடம்தான் நிறுத்தினேன். நான் சீற்றிலேயே இருந்தேன், எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் தண்டம் எழுதிவிட்டார்கள். இது நியாயமா?
(ஒரு வாசகர், அக்கரைப்பற்று)

போர்டைப் பார்த்தீர்களா? நீல வட்டத்தில் சிவப்புச் சாய்கோடு ஒன்றென்றால் வாகனத்தை விட்டுப் போகக்கூடாது. பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு என்றால் நிற்கவே கூடாது. அங்கே எஞ்சின் ஓடுகிறது, ஆள் இருக்கிறது, அம்மாவுக்குப் பிரசர் என்ற கதையெல்லாம் எடுபடாது. எனக்கும் 2 தரம் எழுதியிருக்கிறார்கள். ஒரு தரம் என் பிழை. மற்றத் தரம் போர்டை வேப்பங்கொப்பு மறைத்திருந்தது. கொப்பைக் காட்டினேன். "அடுத்தமுறை கொப்பை வெட்டிவிட்டு நில்லுங்கள்" என்றார் பொலிஸ்காரர்.

தண்டத் துண்டு எழுதினால் லைசன்சை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தத் துண்டே 14 நாளுக்கு லைசன்ஸ் மாதிரி. அந்த 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி லைசன்சை எடுக்க வேண்டும். பிந்தினால் 28 நாள் வரைக்கும் இரண்டு மடங்கு, அதையும் விட்டால் நீதிமன்றம். உங்களுக்குக் கிட்ட, ஒரு நடையோடு போய்விடும். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். காசை எந்தத் தபால் கந்தோரிலும் கட்டலாம், லைசன்ஸ் மட்டும் இங்கே. சனி பின்னேரம் துண்டு எழுதினால் ஞாயிறு கந்தோர் பூட்டு, திங்கள் வேலைக்குப் போகவேண்டும். 300 கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வந்து எடுத்த ஒருவரை நான்தான் ஸ்ரேசனிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். ரயிலில் வந்திருந்தார், வானை வீட்டிலேயே விட்டுவிட்டு. வெள்ளவத்தை மகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: கடைக்காரர்கள் கல்லும் பழைய டயரும் வைத்து வீதியை மறிக்கிறார்கள். அது அவர்களுடைய இடமா?
(ஒரு வாசகர், ஏறாவூர்)

இல்லை, வீதி எல்லோருக்கும் பொது. ஆனால் டயரை உதைத்துத் தள்ளிவிட்டு வானை விட்டீர்களென்றால் மிச்ச நேரம் முழுக்க உங்கள் மனம் வானிலேயே இருக்கும். உள்ளே போய் ஒரு சோடா குடியுங்கள். காசு கொடுக்கும்போது கேளுங்கள். அவரே வந்து டயரை இழுத்துப் போட்டு, "ஒடி, ஒடி, நேராக்கு" என்று கையும் காட்டுவார்.

கேள்வி: ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் வருகிறோம். கோயிலுக்குக் கிட்ட வாகனம் போகுமா?
(ஒரு வாசகி, திருக்கோவில்)

கிட்டப் போகாது, போக நினைக்கவும் வேண்டாம். தீர்த்தத்தன்று அமிர்தகழி முழுக்கச் சனம், வீதியை மறித்துவிடுவார்கள். வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அன்றைக்கு வழியில் இருக்கிற வளவெல்லாம் தரிப்பிடமாக மாறும். கேற்றில் 'வாகனப் பாதுகாப்பு' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். காசு கொடுத்து விடலாம். 2 விஷயம் பாருங்கள். ஒன்று, துண்டில் வாகன நம்பர் எழுதித் தருகிறார்களா என்பது. மற்றது, உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை விடப்போகிறார்கள் என்பது. முதலில் வந்தவரை வளவின் கோடிக்கு அனுப்புவார்கள். பிறகு கேற் வரைக்கும் நிரப்புவார்கள். பிதிர்க்கடன் முடித்து 9 மணிக்கு வந்தவர் பகல் 1 மணி வரைக்கும் அந்த வளவுக் கிணற்றடியில் குந்திக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். "நாங்கள் வேளைக்குப் போகவேணும், கேற்றடியில் விடுகிறோம்" என்று சொல்லி, கேட்டதற்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள். வயது போனவர்கள் இருந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வருவதே நல்லது. மறிக்கிற இடம் வரைக்கும் ஓட்டோ போகும்.

கேள்வி: மாதம் ஒரு தரம் அம்மாவை கிளினிக்குக் கொண்டுவருகிறேன். அவவால் அதிகம் நடக்க முடியாது. நானே ஓட்டி நானே கூட்டிப் போக வேண்டும். இடம் தேடுவதற்குள் அம்மாவின் நம்பர் போய்விடுகிறது.
(ஒரு வாசகர், மண்டூர்)

மண்டூரென்றதும் எனக்குப் பாதைதான் ஞாபகம் வரும். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் பாதையென்றால் வீதியல்ல, வாவியில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவை.) மண்முனையில் 2014 இல் பாலம் வந்து அந்தப் பாதை நின்றது. குருமண்வெளிப் பாதையில்தான் மண்டூர்த் திருவிழாவுக்கு ஹயர் போவேன். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஒருவரும் இறங்கி நடந்து போக முடியாது, தண்ணி. அதனால் சண்டையும் வராது. இருக்கிறது, பலாப்பழம் தின்கிறது, பாட்டுக் கேட்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுகிறவரும் பிடித்து நடத்துகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் இது சரிவராது தம்பி. கிளினிக் நாளில் மட்டும் வீட்டில் ஒருவரைக் கூட்டி வாருங்கள், பள்ளி முடித்த மருமகனென்றாலும் போதும். வாசலில் அம்மாவையும் அவனையும் கொப்பியோடு இறக்கிவிட்டுப் பிறகு ஆறுதலாக இடம் தேடுங்கள். ஒருவருமே இல்லையென்றால் தெரிந்த ஓட்டோ ஒன்றை நாள் கணக்குக்குப் பேசுங்கள். உங்கள் வண்டிக்கு அடிக்கிற பெற்றோலையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. உங்களுக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கவும் கிடைக்கும்.

கேள்வி: வெயிலில் விடுவதா, மரத்தடியில் விடுவதா?
(ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி)

மரத்தடிதான், ஆனால் மேலே பார்த்துவிட்டு விட வேண்டும். வேம்பு நல்லது. பழத்து நாளில் காகம் வரும், கழுவினால் போய்விடும். புளியும் நல்லது, கூரையில் இலைதான் கொட்டும். வாவிக்கரை மரங்களில் கொக்கு அடைகிற மரத்தை மட்டும் விலக்குங்கள். பகலில் தெரியாது, நிலத்தைப் பார்த்தால் தெரியும், வெள்ளையடித்த மாதிரி இருக்கும்.

தென்னைக்குக் கீழே ஒருக்காலும் வேண்டாம். பாசிக்குடாவில் வெள்ளைக்காரச் சோடியொன்றை இறக்கிவிட்டுத் தென்னை நிழலில் சீற்றைச் சரித்துப் படுத்திருந்தேன். காற்றேயில்லை. குரும்பை ஒன்று, உள்ளங்கையளவுதான், நேராகப் பொனட்டில் விழுந்தது. நான் குண்டென்று நினைத்துக் கதவைத் திறந்து மண்ணில் குப்புற விழுந்துவிட்டேன். வெள்ளைக்காரி ஓடிவந்து தண்ணி தந்தா. பள்ளத்தைத் தட்டி எடுக்கக் கேட்ட காசு கூடவென்று அப்படியே விட்டுவிட்டேன். போன வருடம் வானை விற்றபோது, வாங்கினவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டே நின்று 15 ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டார்.